கம்போடியாப் பக்கத்தில் ஒரு பிழையான வசனம்

போன மாதம் உங்கள் அலுவலகத்துக்கு என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டிருந்தீர்கள். நாடுகளைப் பற்றி எழுதுகிற வேலையில் புதிதாகச் சேர்ந்த ஏழெட்டுப் பேர் சுற்றி இருந்தீர்கள். அதில் ஒரு தங்கச்சி ஆங்கிலத்தில் கேட்டாள்: "அன்ரி, நீங்கள் எப்போதாவது ஒரு நாட்டைப் பிழையாக எழுதியிருக்கிறீர்களா?" நான் சிரித்துச் சமாளித்துவிட்டு வடையை எடுத்துக் கடித்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது ரயிலில் என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. பிழை விட்டதற்காக அல்ல, சமாளித்ததற்காக. அந்தப் பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. ஆகவே இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லி வைக்கிறேன். இதில் வரும் பேச்சில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் நடந்தது. அதைத் தமிழில் எழுதப் போனால் எனக்கு யாழ்ப்பாணத் தமிழ்தான் கைக்கு வரும். எனவே எங்கள் ஆசிரியர், கென்ற் பக்கத்து வெள்ளைக்காரர், சில இடங்களில் சுன்னாகம் சந்தையில் நிற்பவர்போலக் கதைப்பார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் லண்டனில் ஒரு பதிப்பக அலுவலகத்தில் தட்டச்சுக்காரியாகச் சேர்ந்தேன். கிங்ஸ்பரியில் ஜுபிலி ரயில் ஏறி, வெம்பிளி பார்க்கில் மாறி, ஃபரிங்டனில் இறங்கி ஐந்து நிமிட நடை. உலகத்து நாடுகள் எல்லாவற்றையும் ஒரே தடித்த புத்தகத்தில் அடக்கி வருடத்துக்கு ஒருமுறை வெளியிடுவதுதான் அங்கே தொழில். வங்கிகளும் நூலகங்களும் தொண்டு நிறுவனங்களும் அரசாங்க அலுவலகங்களும் வாங்கும். இன்றைக்கு நீங்கள் விரலால் தட்டிப் பார்ப்பதை அன்றைக்கு அவர்கள் அந்தப் புத்தகத்தைத் தூக்கி மேசையில் வைத்துப் பார்த்தார்கள். அதில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அவ்வளவு மதிப்பு.

நாலு வருடத்தில் எழுதுகிற மேசைக்கு ஏறிவிட்டேன். இலங்கையை எனக்குத் தாருங்கள் என்று ஆசிரியரிடம் கேட்டேன். அவர் ஒருநாளும் குரலை உயர்த்தாத மனிதர். "அது உம்மடை சொந்த நாடு. உமக்கு நடுநிலை இருக்காது" என்றார். இலங்கைப் பக்கத்தை எழுதியவர் அந்தத் தீவை விமானத்திலிருந்துகூடப் பார்த்திராதவர். அவருக்கு நடுநிலை நிறையவே இருந்தது. எனக்குத் தென்கிழக்கு ஆசியாவைத் தந்தார்கள். வேறு ஒருவரும் கேட்காததால் தந்தார்கள்.

கோபத்தோடுதான் தொடங்கினேன். ஆனால் கம்போடியா என்னைப் பிடித்துக்கொண்டது. குண்டுவீச்சு, உள்நாட்டுப் போர், நகரங்களை வெறுமையாக்கி, பள்ளிக்கூடங்களை மூடி, காசையே ஒழித்து, தன் சனத்தையே கொன்று தின்ற ஒரு ஆட்சி, அதற்குப் பிறகு பக்கத்து நாட்டின் படை, எல்லையோர முகாம்களில் வருடக்கணக்கான சீவியம். இத்தனைக்கும் பிறகு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒப்பந்தம் எழுதினார்கள், தேர்தல் நடத்தினார்கள். முகாம்களிலிருந்து சனம் லொறியிலும் பஸ்ஸிலும் ஊர் திரும்பத் தொடங்கியது. படித்த வாத்திமார் மிஞ்சாத ஊரில், நாலு எழுத்துத் தெரிந்தவர் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றார். இடிந்த விகாரைக்கு ஊரே சேர்ந்து கூரை போட்டது. ஆனால் வயல்களுக்குள் கண்ணிவெடி கிடந்தது. மேற்குப் பக்கக் காடுகளில் பழைய ஆட்சியின் ஆயுதக்காரர் இன்னும் இருந்தார்கள். இதையெல்லாம் ஃபரிங்டனில் ஒரு மேசையில் இருந்துகொண்டு, செய்தித்தாளை வெட்டியும் ஆட்களுக்கு ரெலிபோன் எடுத்தும் எழுதினேன்.

இனிப் பிழைக்கு வருகிறேன்.

தேர்தல் முடிந்த அடுத்த பதிப்பு. ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்துவிட்டு வந்த ஒருவர் ரெலிபோனில் சொன்னார்: மேற்கே பெரிய நகரம் வரைக்கும் பிரதான வீதி பகலில் திறந்திருக்கிறது, வீதியோரக் கிராமங்கள் சிலவற்றுக்குச் சனம் திரும்பியிருக்கிறது. நான் அதை அப்படியே எழுதினேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் அச்சுப்படி வந்தது. கம்போடியாப் பக்கம் இரண்டு வரி கூடிப்போயிற்று. நாட்டுக்கு இவ்வளவு இடம் என்று கணக்கு இருந்ததால் கூடினதை வெட்டியே ஆக வேண்டும். அச்சகத்துக்காரர் கீழே நின்று கூப்பிடுகிறார். பென்சிலை எடுத்தேன். "பகலில்" போயிற்று. "நகரம் வரைக்கும்" போயிற்று. "சில" போயிற்று. மிஞ்சியது இதுதான்: "மேற்கு மாகாணங்களுக்கான பாதைகள் திறந்துவிட்டன, இடம்பெயர்ந்தோர் ஊர் திரும்பி வருகின்றனர்." வாசிக்க நன்றாக இருந்தது. உண்மையைச் சொன்னால், முந்தினதைவிட நன்றாக இருந்தது. போர் முடிந்த நாட்டைப் பற்றி "மீண்டு வருகிறது" என்று எழுத எல்லோருக்கும் ஆசை. எனக்கும் இருந்தது.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. அந்த வருடங்களில் எங்கள் ஊருக்குப் பாதை திறந்தது, மூடியது, திறந்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். என்ரை மனுசனின் தமக்கை தரைப்பாதை மூடினபடியால் கிளாலிக் கடலைப் படகில் கடந்து கொழும்புக்கு வந்து சேர்ந்தவர். "பாதை திறந்திருக்கு" என்று ஒருவர் சொன்னால், "எந்தப் பாதை, எத்தனை மணிக்கு, ஆருக்கு?" என்று கேட்காமல் எங்கள் சனம் ஒரு அடி வைக்காது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்த நான் அந்த மூன்று சொல்லையும் வெட்டினேன். வேறு யாரும் செய்திருந்தால் மன்னித்திருப்பேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு மஞ்சள் துண்டு. அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்று அதில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். ஒரு வசனம் அடுத்த வருடமும் நிற்க வேண்டுமென்றால் புதிய துண்டு ஒன்று வேண்டும். அடுத்த வருடம் அந்த வசனத்துக்குப் புதிய துண்டு தேடினேன். ஒரு நல்ல செய்தித்தாளில், பெயர் போட்ட கட்டுரையில், ஏறக்குறைய அதே செய்தி இருந்தது. சந்தோசமாகத் துண்டு எழுதிப் போட்டேன். வசனம் இரண்டாம் முறையும் அச்சில் ஏறியது.

அந்தப் பதிப்பு வந்து சில மாதங்களில், ஒரு செவ்வாய்க்கிழமை, வரவேற்பு மேசையிலிருந்து கூப்பிட்டார்கள். கீழே ஒரு பெண் நின்றாள். முப்பது வயது இருக்கும். மழையில் நனைந்த கோட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பெயர் மாலி. கம்போடியாக்காரி. தென் லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் உடுப்பு வெளுக்கும் கடையொன்றில் தையல் வேலை. பாங்கொக்கில் ஒரு குடும்பத்துக்கு வீட்டு வேலை செய்தவள், அவர்களோடு லண்டன் வந்து, இங்கே அடைக்கலம் கேட்டிருந்தாள். பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என் முன்னால் விரித்தாள். அவளுடைய விண்ணப்பத்தை மறுத்த கடிதம். நடுவில் ஒரு வசனத்துக்குக் கீழே பேனையால் கோடு.

என்னுடைய வசனம். பக்க எண்ணோடு இருந்தது.

"இதை எழுதினது ஆர்?" என்று கேட்டாள்.

"நான்தான்."

அவள் நம்பவில்லை. ஒரு வெள்ளைக்காரரை எதிர்பார்த்து வந்திருப்பாள். என் நெற்றிப் பொட்டையும் சேலையையும் பார்த்தாள். "நீங்கள் எங்கடை ஊருக்குப் போனனீங்களோ?"

"இல்லை."

"அப்ப எப்பிடித் தெரியும்?"

இந்தக் கேள்விக்கு எங்கள் தொழிலில் ஆயிரம் மறுமொழி இருக்கிறது. நான் கதிரையை இழுத்து அவளை இருக்கச் சொன்னேன்.

அவள் கதை சுருக்கமானது. ஊர் மேற்கு மாகாணத்தில், பிரதான வீதியிலிருந்து உள்ளே தள்ளிய கிராமம். அவளுடைய தமையன் காட்டுக்குள் இருந்த ஆயுதக்காரரிடமிருந்து தப்பி ஓடி வந்தவன். தேடி வந்தவர்கள் அவனைக் கொன்றார்கள். குடும்பத்தையும் விட மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தாய் மட்டும் ஊரில். விகாரைத் துறவி ஒருவரைக் கொண்டு தாய் எழுதுவித்த கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: பொழுதுபட்டால் ஊருக்குள் அவர்கள் வருகிறார்கள், உன்னை விசாரிக்கிறார்கள், வயலுக்குப் போன பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கால் போய்விட்டது, வராதே. மறுத்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றால், தாய் தன் பிள்ளைக்காக எழுதுவாள், அதை நம்ப ஏலாது. இந்தப் புத்தகம் நடுநிலையானது, இதை நம்பலாம். மேன்முறையீடு இரண்டு மாதத்தில். அதில் தோற்றால் விமானம்.

அவளை அனுப்பிவிட்டு மேலே வந்து மஞ்சள் துண்டுகளை எடுத்தேன். செய்தித்தாளில் எழுதியவரைத் தேடிப் பிடித்து ரெலிபோன் எடுத்தேன். மேற்கு மாகாணத்துப் பாதைகளைப் பற்றி எழுதினீர்களே, அந்தத் தகவல் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். அவர் நல்ல உற்சாகமாகச் சொன்னார்: "அதோ? அது உங்கடை புத்தகத்திலை இருந்துதான் எடுத்தனான். நல்ல புத்தகம்."

ரெலிபோனை வைத்தேன். என் பிழையை நானே எழுதி, அது ஊர் சுற்றித் திரும்பி வந்தபோது அதையே சாட்சியாக எடுத்து மறுபடி எழுதியிருக்கிறேன். இரண்டு துண்டு, இரண்டும் நான். வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்தப் பெண்ணின் முகம் மனதை விட்டுப் போகவில்லை.

ஆசிரியரிடம் போனேன். திருத்தம் ஒன்றை அச்சடித்து வாங்கியவர்களுக்கு அனுப்புவோம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த பதிப்பிலை பார்ப்பம்" என்றார்.

"அடுத்த பதிப்புக்கு முதல் அவளை அனுப்பிப்போடுவினம்."

"கௌரி, நாங்கள் புத்தகம் போடுறம். ஒவ்வொருத்தற்றை வழக்குக்கும் நாங்கள் பொறுப்பில்லை. ஒரு திருத்தம் அனுப்பினால் மிச்சப் பக்கங்களை ஆர் நம்புவினம்?"

"அப்ப நான் போய்ச் சாட்சி சொல்லுறன்."

"இந்த அலுவலகத்தின்ரை பேரிலை போக ஏலாது."

"என்ரை பேரிலை போறன். வசனமும் என்ரைதானே."

அவர் குரலை உயர்த்தவில்லை. "யோசிச்சுச் செய்யும்" என்றார். அந்த அலுவலகத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

வீட்டில் என்ரை மனுசனிடம் சொன்னேன். இவர் அப்போது ஒரு கிடங்கில் ஷிப்ட் வேலை. சோற்றில் கை வைத்தவர் நிமிர்ந்து பார்த்தார். "உமக்கென்ன விசரே? எங்கடை சனத்துக்கே சாட்சி சொல்ல ஆளில்லை. நீர் கம்போடியாவுக்குப் போறீர்."

"எங்கடை சனத்தைப் பற்றி எழுதினது நானில்லை. இது நான் எழுதினது."

"வேலை போனால்?"

"போனால் போகட்டும். தட்டச்சுத் தெரியும்."

இவர் சோற்றை முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, "எண்டைக்கு விசாரணை? நான் லீவு போடுறன், தனியப் போகாதையும்" என்றார். இவருடைய சம்மதம் எப்போதும் அப்படித்தான் வரும்.

எனக்கு வேண்டியிருந்தது அந்த அச்சுப்படி. என் பென்சில் கோடு விழுந்த தாள். அது இல்லாவிட்டால் நான் இப்போது இரக்கப்பட்டு மாற்றிச் சொல்கிறேன் என்பார்கள். பழைய அச்சுப்படிகள் கீழ்த்தளத்தில் ராகவனின் பொறுப்பில் இருந்தன. ராகவன் மதராஸ்காரர், எங்கள் புத்தகத்துக்குப் பொருளடக்கமும் பெயர்ப் பட்டியலும் தயாரிக்கிறவர். நாங்கள் இரண்டு பேரும் தமிழில் சண்டை பிடிப்பது அந்தக் கட்டிடத்துக்கே பொழுதுபோக்கு. விசயத்தைச் சொன்னேன்.

"வேணாங்க," என்றார். "நான் சொல்றேன், கேளுங்க. இது ஆபீஸ் பேப்பர். வெளிய எடுத்துட்டுப் போனா உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும்."

"உங்களை நான் எடுத்துத் தரச் சொல்லேல்லை. எங்கை இருக்கெண்டு சொன்னால் காணும்."

என்னை முறைத்தார். பிறகு ஏணியில் ஏறி ஒரு தாள்கட்டை இறக்கினார். தூசியைத் தட்டினார். அந்தத் தாளை உருவி எடுத்துப் போட்டோகொப்பி மெஷின்மேல் வைத்தார். "நான் டீ குடிக்கப் போறேன். பத்து நிமிஷம் ஆகும். மெஷின்ல பேப்பர் மாட்டிக்கும், மெதுவா போடுங்க" என்று சொல்லிவிட்டு மேலே போனார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த மனிதரை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும். நேரே சொன்னால் கேலி செய்வார், ஆகவே இங்கே எழுதுகிறேன்.

விசாரணை அறை ஒரு சாதாரண அலுவலக அறை. தண்ணீர்ச் சாடி, கறுத்த கதிரைகள். தீர்ப்பாளர் வயதானவர், பொறுமையாக எழுதிக்கொண்டிருந்தார். அரசாங்கத் தரப்பில் ஒரு இளம் அதிகாரி. மாலியின் சட்டத்தரணி ஒரு ஐரிஷ்காரி. மாலி இரண்டு கையையும் மடியில் வைத்தபடி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ரை மனுசன் வெளியே நடையில் இருந்தார்.

அச்சுப்படியின் பிரதியைக் கொடுத்தேன். வெட்டியதைக் காட்டினேன். செய்தித்தாள் எங்களிடமிருந்து எடுத்த கதையையும் சொன்னேன். இளம் அதிகாரி எழுந்தார்.

"இந்தப் புத்தகம் நம்பகமானது எண்டு அதின்ரை முன்னுரையிலை இருக்கு. நீங்கள் அதை மறுக்கிறீங்களோ?"

"முன்னுரையையும் நாங்கள்தான் எழுதினனாங்கள்."

தீர்ப்பாளர் பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அதிகாரி விடவில்லை. "நீங்களும் போர் நடக்கிற நாட்டிலை இருந்து வந்தவர்தானே?"

"ஓம்."

"அப்ப இந்தப் பெண்ணிலை உங்களுக்குப் பரிவு இருக்கும்."

"எழுதின நேரம் பரிவு இருக்கேல்லை. இருந்திருந்தால் அந்தச் சொல்லுகளை வெட்டியிருக்க மாட்டன்."

அதுவரைக்கும் எல்லாம் சரி. நெஞ்சு நிமிர்ந்துதான் நின்றேன். பிறகு தீர்ப்பாளர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டார்: "சரி, அந்த வசனம் பிழை எண்டு வைப்பம். அப்ப உண்மை என்ன? அந்தக் கிராமம் ஆபத்தோ, இல்லையோ? நீங்கள் இந்த நாட்டைக் கனகாலம் படிச்சவர்."

பிள்ளைகளே, உங்களுக்காக நான் எழுதுவது இந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான். சட்டத்தரணியின் முகத்தில் சந்தோசம் தெரிந்தது. மாலி முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "ஆபத்து" என்று ஒரு சொல் போதும். எனக்கு அவள் பக்கம் நியாயம் என்று நிச்சயமாகத் தெரியும். நான் செய்த பிழைக்கு ஈடு செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. சொல் நாக்கில் வந்தும் விட்டது. ஆனால் நான் அந்தக் கிராமத்தைப் பார்த்ததில்லை. அங்கேயிருந்து ஒரு மனிதரிடமும் கதைத்ததில்லை, மாலியைத் தவிர. ஃபரிங்டனில் இருந்துகொண்டு "திறந்துவிட்டது" என்று எழுதிய அதே ஆள், இப்போது அதே மேசையிலிருந்து "ஆபத்து" என்று சொன்னால், நான் எதை மாற்றினேன்? அதிகாரி அடுத்த கேள்வியாக, "எப்படித் தெரியும்?" என்று கேட்டால் என் சொல் விழும். அது விழுந்தால் அதோடு சேர்ந்து எல்லாம் விழும்.

"எனக்குத் தெரியாது," என்றேன்.

சட்டத்தரணி கண்ணை மூடினாள். நான் நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியாது, என்ரை அலுவலகத்துக்குத் தெரியாது, எங்கடை புத்தகத்தைப் பார்த்து இந்த மறுப்புக் கடிதத்தை எழுதினவைக்கும் தெரியாது. இந்த அறையிலை உள்ள தாள்களிலை அந்த ஊரிலை இருந்து வந்தது ஒண்டே ஒண்டுதான். அது இவவின்ரை தாயின்ரை கடிதம். அதுக்கு எதிராய் வைக்கிறதுக்கு என்ரை புத்தகத்திலை ஒண்டும் இல்லை. வெறும் இரண்டு வரி இடப் பிரச்சினைதான் இருக்கு."

வெளியே தெருவில் மாலி என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு சொல்லு. ஒரேயொரு சொல்லு கேட்டவர். ஏன் சொல்லேல்லை? பிழையா எழுதேக்கை உங்களுக்குத் தெரிஞ்சது, சரியாச் சொல்லேக்கை தெரியாதோ?" என்று கத்தினாள். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் கோபிக்க உரிமை இருந்தது. இவர்தான் குடையை விரித்து அவளை பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார்.

அடுத்த ஆறு கிழமையும் எனக்குச் சரியான நித்திரை இல்லை. வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்கு ஒவ்வொரு வெள்ளியும் போனேன். பெரிய பக்திக்காரி இல்லை நான். வேறு செய்ய ஒன்றும் இருக்கவில்லை. நான் ஒரு கொள்கைக்காக அந்தப் பெண்ணைப் பலி கொடுத்துவிட்டேனோ என்று பயந்தேன். இந்த வேலையில் சரியாக நடந்தால் மனம் நிம்மதியாக இருக்கும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

தீர்ப்பு வந்தது. சட்டத்தரணி ரெலிபோனில் வாசித்துக் காட்டினாள். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மறுத்த சாட்சி, தன் வசனம் பிழை என்று சொல்வதை நம்புகிறேன் என்று தீர்ப்பாளர் எழுதியிருந்தார். ஆகவே புத்தகத்தை ஒதுக்கி வைத்தார். தாயின் கடிதத்தை ஏற்றார். மாலி இருக்கலாம். நான் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

அன்று பின்னேரமே ஆசிரியர் கூப்பிட்டார். மேசையில் ஒரு கடிதம் தட்டச்சுச் செய்து வைத்திருந்தது. விசாரணையில் நான் மனக்குழப்பத்தில் பேசினேன், வருந்துகிறேன் என்று. "இதிலை கையெழுத்துப் போடலாம். இல்லாட்டி மேசையைக் காலி செய்யலாம்" என்றார், தேநீர் வேணுமோ என்று கேட்கிற அதே குரலில்.

"இரண்டும் செய்ய மாட்டன்," என்றேன். "குழம்பினது வெட்டின அண்டைக்கு. விசாரணையிலை நான் தெளிவாய்த்தான் நிண்டனான். நீங்கள் என்னை நிப்பாட்டலாம். பிழையை ஒத்துக்கொண்ட ஆளை நிப்பாட்டின புத்தகம் எண்டு அந்தத் தீர்ப்பை வாசிக்கிற ஒவ்வொருத்தருக்கும் தெரிய வரும். அதையும் யோசிச்சுச் செய்யுங்கோ."

அவர் பேனையை மூடி வைத்தார். பிறகு கடிதத்தை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டார். அதைப் பற்றி அதற்குப் பிறகு நாங்கள் ஒருநாளும் கதைக்கவில்லை.

அடுத்த பதிப்பு வந்தது. அந்த வசனத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன போடுவது? நாலு நாள் யோசித்தேன். கடைசியில் இப்படி எழுதினேன்: "பிரதான வீதிக்கு அப்பால் மேற்கு மாகாணக் கிராமங்களின் நிலைமை எமக்குத் தெரியாது." அந்தப் புத்தகத்தின் இத்தனை பதிப்பிலும் அப்படி ஒரு வசனம் இருந்ததில்லை. ஆசிரியர் சிவப்புப் பேனையால் வெட்டினார். வெட்டியதை நிற்க விடு என்பதற்கு நாங்கள் கீழே புள்ளி வைப்போம். நான் புள்ளி வைத்தேன். மறுபடி வெட்டினார். மறுபடி புள்ளி வைத்தேன். மூன்றாம் முறை தாளைத் தூக்கிக்கொண்டு நேரே வந்தார்.

"தெரியாது எண்டு சொல்லுற புத்தகத்தை ஆர் வாங்குவினம்?"

"தெரியும் எண்டு சொல்லி நாங்கள் என்ன செய்தம் எண்டு உங்களுக்குத் தெரியும்," என்றேன். நான் எழும்பவும் இல்லை, தாளை வாங்கவும் இல்லை. பக்கத்து மேசைக்காரர்கள் தட்டச்சை நிறுத்திவிட்டார்கள். அவர் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். புள்ளிகள் அப்படியே அச்சகத்துக்குப் போயின.

புத்தகம் வந்த கிழமை ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மிச்சம் பக்கம் போனேன். வெளுக்கும் கடைக்குப் பின்னால் மாலி தையல் மெஷினில் இருந்தாள். என்னைக் கண்டும் எழும்பவில்லை. வழக்கு வென்றதற்கு அவள் எனக்கு நன்றி சொன்னதில்லை, நான் எதிர்பார்த்ததும் இல்லை. கம்போடியாப் பக்கத்தை விரித்து மெஷின்மேல் வைத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். அந்த வரிக்கு வந்ததும் நின்றாள். திரும்பவும் வாசித்தாள். பிறகு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்தரம்.

"இவ்வளவு பெரிய புத்தகம். எங்கடை ஊரைத் தெரியாதாம்."

"ஓம்."

புத்தகத்தை மூடி என் கையில் தந்துவிட்டு ஊசியில் நூலைக் கோத்தாள்.

"நல்லது," என்றாள். "இனி எங்களைத்தான் கேக்க வேணும்."